தரம் பிரிக்கும் வகுப்பறை: ஹக்ஸ்லியின் லண்டனும் நிஜப் பள்ளிகளும்

எட்டு மாதக் குழந்தைகளைத் தரையில் விடுகிறார்கள். எதிரே ரோஜாக்கள் நிறைந்த கிண்ணங்கள். இடையிடையே வண்ணப் படங்கள் தெரியும்படி விரித்துவைத்த புத்தகங்கள். குழந்தைகள் குதூகலத்தோடு தவழ்ந்து போய்ப் பூவிதழைக் கசக்குகின்றன, தாளைப் பிடித்து இழுக்கின்றன. அந்த நேரம் பார்த்துத் தலைமைச் செவிலி ஒரு விசையை இயக்குகிறாள். வெடிச் சத்தமும் சங்கொலியும் அறையை அதிரவைக்கின்றன. அடுத்து, குழந்தைகள் கிடக்கும் தரையில் மின்சாரம் பாய்கிறது. எல்லாம் ஓய்ந்த பிறகு அதே பூக்களையும் அதே புத்தகங்களையும் மறுபடி நீட்டுகிறார்கள். குழந்தைகள் மிரண்டு பின்வாங்குகின்றன. இதை 200 முறை செய்தால் அந்தக் குழந்தைகள் ஆயுளுக்கும் புத்தகத்தையும் பூவையும் வெறுப்பார்கள் என்று, பார்க்க வந்த மாணவர்களுக்கு இயக்குநர் விளக்குகிறார்.

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-ல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவலின் மழலையர் வகுப்பு இது. கார் உற்பத்தியாளர் ஃபோர்டின் பெயரால் ஆண்டுகளைக் கணக்கிடும் எதிர்கால லண்டனில் கதை நடக்கிறது. அங்கே தாய், தந்தை என்பவர்கள் இல்லை. குழந்தைகள் ஆலையில், கண்ணாடிப் புட்டிகளில் உருவாகிறார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று ஐந்து சாதிகள். ஆல்ஃபாக்களுக்குச் சாம்பல் நிற உடை, காமாக்களுக்குப் பச்சை, டெல்டாக்களுக்குக் காக்கி, எப்சிலான்களுக்குக் கறுப்பு. கீழ்ச்சாதிக் கருக்களுக்கு உயிர்க்காற்றைக் குறைத்து மூளையை மந்தமாக்குகிறார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து 96 பேர் வரை ஒரே அச்சில் பிறக்கிறார்கள். மின்சாரம் பாய்ச்சப்பட்ட அந்தக் குழந்தைகள் டெல்டாக்கள். அவர்கள் புத்தகம் படித்தால் ஆலை வேலை நேரம் வீணாகும். அதைவிட, ஊட்டப்பட்ட பழக்கத்தை ஏதோ ஒரு பக்கம் கலைத்துவிடக்கூடும் என்ற அச்சமே அரசுக்குப் பெரிது.

கெடுங்கனவாக விரியும் கற்பனைச் சமூகங்களை எழுதிய பலரும் பள்ளியைத் தொட்டிருக்கிறார்கள். ஆர்வெல்லின் '1984'-ல் பெற்றோரை உளவு பார்க்கக் குழந்தைகளைப் பழக்குகிறார்கள். கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' நாவலில், உறுப்பு தானத்துக்காகவே வளர்க்கப்படும் பிள்ளைகள் ஓர் அழகான விடுதிப் பள்ளியில் படம் வரைகிறார்கள். ஆனாலும் நிஜப் பள்ளிகளோடு ஒப்பிட ஹக்ஸ்லியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். எந்தக் குழந்தை எங்கே போகவேண்டும், அதை யார் முடிவுசெய்வது, முடிவான இடத்தை அந்தக் குழந்தை எப்படி ஏற்றுக்கொள்ளும் என்ற கேள்விகளை அவர் நேரடியாகக் கேட்டார். உலகெங்கும் பள்ளிகள் இவற்றுக்குத் தினமும் விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஹக்ஸ்லியின் பள்ளி குழந்தைகளைத் தரம் பிரிக்கிறது. பிரித்த இடத்தில் மகிழ்ச்சியாக இருக்கவும் பழக்குகிறது. நிஜப் பள்ளிகள் பலவும் முதல் வேலையைச் செய்தன, இரண்டாவதைச் செய்யவில்லை. மகிழ்ச்சி இருக்கவேண்டிய இடத்தில் அவை வெட்கத்தை வைத்தன. அந்த ஒரு விஷயத்தில் நிஜம் புனைவைவிடக் கொடியது என்பது என் எண்ணம். அதே நிஜப் பள்ளிதான் அந்தப் பிரிவினையைக் கலைக்கும் கருவியையும் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

நாவலின் உறக்கப் பாடத்திலிருந்து தொடங்கலாம். குழந்தைகள் தூங்கும்போது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குரல் பாடம் சொல்லும். முதலில் இதை அறிவுப் பாடங்களுக்குத்தான் பயன்படுத்திப் பார்த்தார்கள். டாமி என்ற சிறுவனுக்கு நைல் நதியைப் பற்றித் தூக்கத்தில் பாடம் ஓதப்படுகிறது. ஆப்பிரிக்காவின் நீளமான நதி நைல் என்று தொடங்கும் முழுப் பத்தியையும் காலையில் அவன் ஒப்பிக்கிறான். ஆப்பிரிக்காவின் நீளமான நதி எது என்று கேட்டால் தெரியவில்லை என்று அழுகிறான். மனப்பாடத்துக்கும் அறிவுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய புனைவை நான் படித்ததில்லை. அந்தச் சோதனை தோற்றது. பிறகு உறக்கப் பாடத்தை மனப்பான்மையை ஊட்ட மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதில் அது பெரும் வெற்றி பெற்றது.

பீட்டாக் குழந்தைகளுக்கு அப்படி ஊட்டப்படும் பாடம் சாதி உணர்வு. ஆல்ஃபாக்கள் மிகக் கடுமையாக உழைக்கவேண்டும், பாவம், காமாக்கள் மந்தமானவர்கள், டெல்டாக் குழந்தைகளோடு விளையாடவே பிடிக்காது, எனவே பீட்டாவாகப் பிறந்ததே நல்லது. பாடத்தின் சாரம் இவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் 120 தடவை, வாரத்துக்கு மூன்று முறை, 30 மாதங்கள். கணக்குப் போட்டால் 46,000 தடவைக்கு மேல் வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது, கீழே உள்ளவரைத் தாழ்வாகப் பார்க்கும் அதே பாடம் மேலே உள்ளவர்மேல் பொறாமை வராமலும் பார்த்துக்கொள்கிறது என்பது. அந்த உலகத்தில் எப்சிலானுக்குத் தன்னைப் பற்றிக் கூச்சமே இல்லை.

இதை எழுதியவர் பள்ளிகளை உள்ளிருந்து அறிந்தவர். ஹக்ஸ்லியின் தந்தை பள்ளி ஆசிரியராக இருந்தவர். தாய் 1902-ல் பெண்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். பாட்டனார் டி. எச். ஹக்ஸ்லி, டார்வினின் கொள்கைக்காக வாதாடிய விலங்கியலாளர்; 1870-ல் லண்டனின் முதல் பள்ளிக் கல்வி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சாக்கடையோரத்தில் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை போகும் ஓர் ஏணியைக் கல்வி அமைத்துத் தரவேண்டும் என்று வாதிட்டவர் அவர். பேரன் ஈட்டன் பள்ளியில் படித்தார், கண்நோயால் பார்வை பெரிதும் குறைந்தது, பின்னர் அதே ஈட்டனில் சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தார். பிற்காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் ஆன எரிக் பிளேர் அவருடைய மாணவர்களில் ஒருவர். நாவலில் குடும்பம் போய்விட்டது, மதம் போய்விட்டது, வரலாறும் போய்விட்டது. ஈட்டன் மட்டும் இருக்கிறது. மேல்சாதிக் குழந்தைகளுக்கு மட்டுமான பள்ளியாக, கவிதையோ கதையோ இல்லாமல் தகவல் நூல்கள் மட்டும் அடுக்கிய நூலகத்தோடு இருக்கிறது. பாட்டனார் கேட்ட ஏணியைப் பேரன் தன் கற்பனை நகரத்தில் எடுத்தேவிட்டார்.

நாவலில் வரும் முறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஹக்ஸ்லியின் காலத்திலேயே வேர் இருந்தது. 1920-ல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'குட்டி ஆல்பர்ட்' என்று அழைக்கப்பட்ட ஒரு கைக்குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் அந்தக் குழந்தையின் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைகளிலேயே எலியைக் கண்டதும் குழந்தை அழத் தொடங்கியது. டெல்டாக்களின் ரோஜா வகுப்பு இந்தச் சோதனையின் பெருக்கம்தான். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேருக்கு அறிவுத் தேர்வு வைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கான தேர்வின் பெயர் ஆல்ஃபா, தெரியாதவர்களுக்கானது பீட்டா. முடிவுகள் எழுத்துத் தரங்களாகத் தரப்பட்டன. ஹக்ஸ்லி இதிலிருந்துதான் பெயர்களை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதரை எழுத்துகளால் வரிசைப்படுத்தும் ஆசை அந்தத் தலைமுறையின் காற்றிலேயே கலந்திருந்தது.

அந்தத் தேர்வுகளின் மூலவர் நோக்கியது வேறு திசை. பிரான்சில் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-ல் முதல் அளவுகோலை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று கண்டறிவதற்காக. அறிவு என்பது மாறாத அளவு என்ற கருத்தை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். 1911-ல் அவர் இறந்துபோனார். அவருடைய கருவி கடல் கடந்து போய், யாருக்கு என்ன கொடுக்கலாம் என்பதற்குப் பதிலாக யாருக்கு என்ன கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லும் கருவியாக மாறியது.

அது மிக விரிவாகப் பயன்பட்ட இடம் இங்கிலாந்து. 1926-ல் ஹேடோ குழு, பதினோரு வயதை ஒட்டித் தொடக்கக் கல்வி முடிந்து அடுத்த கட்டம் தொடங்கவேண்டும் என்றது. 1943-ல் நார்வுட் அறிக்கை குழந்தைகளை மூன்று வகையாகப் பார்த்தது: அறிவுக்காகவே அறிவை நாடுபவர்கள், தொழில்நுட்பத்தில் நாட்டம் உள்ளவர்கள், கருத்துகளைவிடக் கைக்கு எட்டும் பொருள்களை எளிதாகக் கையாள்பவர்கள். 1944-ல் வந்த பட்லர் கல்விச் சட்டம் எல்லாருக்கும் இலவச உயர்நிலைக் கல்வி தந்தது. அது மாபெரும் சாதனை. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கல்வி கிராமர் பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி, செகண்டரி மாடர்ன் பள்ளி என்று மூன்று கிளைகளாகப் பிரிந்தது. தொழில்நுட்பப் பள்ளிகள் போதுமான அளவில் கட்டப்படவே இல்லை. ஆகவே நடைமுறையில் பத்து, பதினோரு வயதில் 'லெவன் ப்ளஸ்' என்ற தேர்வு எழுதி, நால்வரில் ஏறக்குறைய ஒருவர் கிராமர் பள்ளிக்குப் போனார். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் செகண்டரி மாடர்னுக்குப் போனார்கள். பல்கலைக்கழகத்தின் வாசல் கிராமர் பள்ளியில் இருந்தது. செகண்டரி மாடர்னில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பதினைந்து வயதில் பொதுத் தேர்வு எதுவும் எழுதாமலே வேலைக்குப் போனார்கள்.

மூன்று வகைப் பள்ளிக்கும் சம மதிப்பு என்று அரசு சொல்லியது. ஒரு குழந்தைகூட அதை நம்பவில்லை. அந்தத் தலைமுறையினர் எழுதிவைத்த நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது, தேர்ச்சி பெற்றால் வாங்கித் தருவதாகப் பெற்றோர் சொன்ன புது சைக்கிளும், முடிவு வந்த அன்று தெருவில் முகம் காட்டக் கூசிய பிள்ளைகளும்தான். வகைப்படுத்துதல் என்று அரசு அழைத்ததை வீடுகள் தேறியது, தேறாதது என்றே அழைத்தன. ஒரு காலைப் பொழுதில் கணக்கு, மொழி, 'பொது அறிவாற்றல்' ஆகிய தாள்களை எழுதிய குழந்தை, தான் முட்டாள் என்ற சான்றிதழை ஐம்பது வயது வரை மனத்துக்குள் சுமந்தது.

தேர்வாவது நேர்மையாக அளந்ததா? கிராமர் பள்ளியில் இடம் கிடைப்பது குழந்தையின் திறமையை மட்டும் சார்ந்ததாக இல்லை. அந்த வட்டாரத்தில் ஏற்கனவே எத்தனை கிராமர் பள்ளிகள் இருந்தன என்பதையும் சார்ந்தது. ஒரு மாவட்டத்தில் தேறியிருக்கக்கூடிய பிள்ளை பக்கத்து மாவட்டத்தில் தோற்றது. பல இடங்களில் பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிட அதிக மதிப்பெண் எடுத்தால்தான் இடம் கிடைத்தது. அந்த வயதில் அவர்கள் நன்றாக எழுதினார்கள், இடங்களோ இருபாலருக்கும் ஏறத்தாழச் சமமாகவே ஒதுக்கப்பட்டன. இங்கிலாந்தின் தேசியக் கல்வி ஆய்வு நிறுவனம் 1957-ல் வெளியிட்ட ஆய்வு, இருப்பதிலேயே நல்ல முறையைப் பின்பற்றினாலும் நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள் அளவில் தவறான பள்ளிக்கு அனுப்பப்படுவார்கள் என்று கணித்தது. ஹக்ஸ்லியின் ஆலை இயக்குநர் இந்த அளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளமாட்டார்.

இந்த முறைக்கு அறிவியல் வலிமை சேர்த்தவர்களில் முதன்மையானவர் சிரில் பர்ட். 1913-ல் லண்டன் கவுண்டி கவுன்சிலின் உளவியலாளராகச் சேர்ந்து பெரும் செல்வாக்குப் பெற்றவர். அறிவாற்றலில் பெரும்பங்கு பிறப்பிலேயே வருகிறது என்பது அவர் உறுதி. அதற்குச் சான்றாகப் பின்னாளில் அவர் வெளியிட்டது, தனித்தனி வீடுகளில் வளர்ந்த ஒரே அச்சு இரட்டையரைப் பற்றிய தரவு. அவர் 1971-ல் இறந்த பிறகு லியோன் காமின் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்தத் தரவை ஆராய்ந்தார். இரட்டையர் இணைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனபோதும் ஒப்புமை எண் மூன்றாம் தசம இடம் வரை மாறாமலே இருந்தது. 1976-ல் லண்டன் செய்தித்தாள் ஒன்று, பர்ட்டின் உதவியாளர்களாகப் பெயர் குறிப்பிடப்பட்ட இருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியது. 1979-ல் வாழ்க்கை வரலாறு எழுதிய லெஸ்லி ஹெர்ன்ஷாவும் மோசடி நடந்தது என்ற முடிவுக்கே வந்தார். பர்ட்டுக்காக வாதாடிய நூல்களும் பிறகு வந்தன. அந்த இரட்டையர் தரவின் பெரும்பகுதி 1944 சட்டத்துக்குப் பின்னரே வெளியானது என்பதால், சட்டத்தை அதன் விளைவு என்று சொல்லிவிட முடியாது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஹக்ஸ்லியின் அரசு சாதிகளை நிலைநிறுத்த இரட்டையர்களை ஆலையில் உற்பத்தி செய்தது. நிஜத்தில் அந்த வேலைக்கு, இருந்தார்களா என்றே ஐயம் எழுந்த இரட்டையர்கள் போதுமானவர்களாக இருந்தார்கள்.

தோற்றவர்களின் கதை இப்படியென்றால், தேறியவர்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்துவிடவும் இல்லை. பிரையன் ஜாக்சனும் டென்னிஸ் மார்ஸ்டனும் தாங்களே ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அதே நகரத்தில் கிராமர் பள்ளியில் படித்து முன்னேறிய 88 தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பேசி, 1962-ல் ஒரு நூல் எழுதினார்கள். ஏணியில் ஏறியவர்களில் பலர் தங்கள் தெருவின் பேச்சை, பழைய நண்பர்களை, சில நேரம் பெற்றோரையே விட்டு விலகவேண்டியிருந்தது. பெற்றோரே இல்லாத உலகை ஹக்ஸ்லி கற்பனை செய்ததால் இந்த வலி அவர் நாவலில் வரவில்லை. 1965-ல் ஆண்டனி கிராஸ்லாண்ட் கல்வி அமைச்சராக இருந்தபோது, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பொதுப் பள்ளிகளுக்கு மாறும்படி உள்ளாட்சிகளை அரசு கேட்டுக்கொண்டது. பெரும்பாலான இடங்கள் மாறின. கெண்ட், பக்கிங்ஹாம்ஷயர் போன்ற இடங்களில் இன்றும் பதினோரு வயதுத் தேர்வு நடக்கிறது.

சிங்கப்பூரும் இந்தப் பாதையில் வெகுதூரம் நடந்து திரும்பியிருக்கிறது. 1979-ல் கோ கெங் சுவீ தலைமையிலான குழு தந்த அறிக்கைக்குப் பிறகு அங்கே பிள்ளைகள் தனித்தனி நீரோட்டங்களில் விடப்பட்டார்கள். தொடக்கப் பள்ளியிலேயே மூன்று பிரிவுகள் இருந்த காலம் உண்டு. கடைசிப் பிரிவில் விழுந்த பிள்ளைகளின் துயரத்தை வைத்து 2002-ல் ஜாக் நியோ எடுத்த படம் நாடு முழுவதும் பேசப்பட்டது. தொடக்கப் பள்ளிப் பிரிவுகள் 2008-ல் நீங்கின. உயர்நிலைப் பள்ளி நீரோட்டங்களும் 2024-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து முடிவுக்கு வந்தன. இப்போது ஒரே வகுப்பில் உட்கார்ந்து, பாடத்துக்குப் பாடம் வேறு நிலையில் படிக்கிறார்கள்.

சாதி உணர்வை ஊட்ட 46,000 தடவை ஓதவேண்டும் என்று ஹக்ஸ்லி நினைத்தார். அவர் குழந்தைகளைப் பற்றி அளவுக்கு மீறி நல்லெண்ணம் வைத்திருந்தார் என்றே நினைக்கிறேன். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ரைஸ்வில் ஊரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறக் கண்ணர்கள் உயர்ந்தவர்கள் என்றார். அவர்களுக்கு விளையாட நேரம் கூடுதலாகத் தந்தார். நண்பகலுக்குள் அந்தப் பிள்ளைகள் நேற்றுவரை தோளில் கைபோட்டு நடந்த தோழர்களை ஏளனம் செய்தார்கள். பிறகு அவர் வரிசையைத் திருப்பிப்போட்டார். அதே பயிற்சியை 1970-ல் படமெடுத்தபோது, தாழ்ந்தவர்கள் என்று சொல்லப்பட்ட நாளில் பிள்ளைகள் ஒரு வாசிப்புப் பயிற்சியை முடிக்க அதிக நேரம் எடுத்தார்கள். உயர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்ட நாளில் அதே பயிற்சியை விரைவாக முடித்தார்கள். பிள்ளைகளிடம் இப்படிச் செய்தது சரியா என்ற விவாதம் இன்றுவரை தொடர்கிறது. ஆசிரியரின் ஒரு சொல் எத்தனை வேகமாகக் குழந்தைக்குள் இறங்குகிறது என்பது மட்டும் அந்தப் படத்தில் மறுக்கமுடியாமல் தெரிகிறது.

ஹக்ஸ்லி 1925-26-ல் இந்தியாவில் பயணம் செய்து, அது பற்றி ஒரு நூலும் எழுதியவர். சாதி அவருக்குச் செவிவழிச் செய்தி இல்லை. அவருடைய பச்சை, காக்கி உடைகளைப் படிக்கும் தமிழ் வாசகருக்குத் தென்மாவட்டப் பள்ளிகளின் சாதிக் கயிறு நினைவுக்கு வராமல் போகாது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று மணிக்கட்டில் கட்டும் கயிறுகளால் மாணவர்கள் சாதியைக் காட்டிக்கொள்வதைத் தடுக்கச் சொல்லி 2019-ல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. வசதியுள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் வேறுபாடு தெரியக்கூடாது என்பதற்காகவே சீருடை வந்தது. அந்தச் சீருடையின் கைக்குக் கீழே ஒரு முழக் கயிறு அதைத் தோற்கடித்துவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் ஆகியவற்றோடு, வகுப்பில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்கவும் அது பரிந்துரைத்தது. ஹக்ஸ்லியின் நகரத்தில் எழுத்துகள் குழந்தைகளைப் பிரிக்கின்றன. இந்தப் பரிந்துரையில் எழுத்துகள் அவர்களைக் கலந்து உட்காரவைக்கின்றன.

அந்தக் கயிற்றை அரசோ பள்ளியோ கட்டவில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஹக்ஸ்லியின் லண்டனில் எல்லாவற்றையும் அரசே செய்யவேண்டியிருந்தது. இங்கே உறக்கப் பாடத்தை ஊரே ஓதுகிறது, பள்ளி அதை எதிர்த்து நிற்கவேண்டியிருக்கிறது. எதிர்த்து நிற்கத் தவறிய ஆண்டும் உண்டு. 1953-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது சென்னை மாநிலத்தின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை, இரண்டு முறையாக வகுப்பு நடத்தினால் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள்; அந்தப் பெயரே நிலைத்தது. பெரியாரும் தி.மு.க.வும் மட்டுமல்லாமல் காங்கிரசுக்குள்ளேயும் பலர் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி விலகி, காமராஜர் முதல்வராகி, மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. வண்ணார் வீட்டுப் பிள்ளை வெளுக்கவும் குயவர் வீட்டுப் பிள்ளை வனையவும் பிற்பகலில் போயிருந்தால், லெவன் ப்ளஸ் தந்த வெட்கம் அவர்களுக்கு நேர்ந்திருக்காது. தேர்வே இல்லாத இடத்தில் தோல்வி ஏது? நான் பார்த்த நிஜத் திட்டங்களில் ஹக்ஸ்லியின் ஆலைக்கு மிக அருகில் நிற்பது இதுதான்.

இனி, புத்தகத்தைத் தொட்டால் மின்சாரம் பாயும் அந்த அறைக்குத் திரும்பிப் போகவேண்டும். அடிமைகளுக்கு எழுதக் கற்றுத்தருவதைத் தென் கரோலினா 1740-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த ஃபிரெட்ரிக் டக்ளஸ், 1845-ல் எழுதிய தன்வரலாற்றில், பால்டிமோர் நகரில் எசமானி சோஃபியா ஆல்டு தனக்கு எழுத்துகள் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதையும், கணவர் அதைத் தடுத்ததையும் பதிவுசெய்கிறார். படித்தால் இவன் அடிமையாக இருக்க லாயக்கற்றுப் போவான், மனநிறைவு இழப்பான் என்பது அந்தக் கணவர் சொன்ன காரணம். ஹக்ஸ்லியின் இயக்குநர் சொன்னதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. டக்ளஸ் தெருவில் விளையாடிய வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றார். அதன்பின் அவருக்கு வந்தது நிம்மதியின்மை. எழுத்தறியாத சக அடிமைகளைப் பார்த்துச் சில வேளை பொறாமைப்பட்டதாகக்கூட எழுதுகிறார். அந்த எசமானர் படிப்பைப் பற்றிச் சரியாகவே கணித்திருந்தார். நாவலில், அந்த லண்டனுக்கு வெளியே ஒரு தாய்க்குப் பிறந்து, பள்ளியே பார்க்காமல் வளர்ந்த ஜான் என்பவன், தாய் சொல்லித்தந்த எழுத்துகளையும் ஒரு பழைய ஷேக்ஸ்பியர் தொகுதியையும் வைத்துத்தான் அந்த உலகத்தைக் கேள்வி கேட்கிறான்.

நாவலில் ஓர் ஆசிரியரும் உண்டு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் வாட்சன், உணர்ச்சிப் பொறியியல் கல்லூரியின் விரிவுரையாளர். பிரசாரத்திலும் விளம்பரத்திலும் எதுகையை எப்படிப் பயன்படுத்துவது என்பது அவருடைய பாடம். ஒரு நாள், தனிமையைப் பற்றித் தானே எழுதிய வரிகளை மாணவர்களுக்குப் படித்துக்காட்டுகிறார். மாணவர்கள் முதல்வரிடம் போய்ப் புகார் சொல்லிவிடுகிறார்கள். நாவலில் எனக்கு மிக அச்சம் தரும் வகுப்பு இதுதான். மின்சாரம் பாயும் அறைகூட இரண்டாவதுதான். அங்கே அழுத குழந்தைகள், இங்கே வளர்ந்து, அதிர்ச்சியைத் தாங்களே ஆசிரியருக்குக் கொடுக்கிறார்கள்.

ஹக்ஸ்லி 1958-ல் தன் நாவலை மறுபரிசீலனை செய்து ஒரு கட்டுரை நூல் எழுதினார். அதில் விடுதலைக்கான கல்வி என்று ஓர் அத்தியாயம் உண்டு. அமெரிக்காவில் 1937-ல் தொடங்கிய பிரசார ஆய்வு நிறுவனத்தைப் பற்றி அங்கே பேசுகிறார். செய்தித்தாள், வானொலி, அரசியல் மேடை ஆகியவற்றில் சொற்கள் கேட்பவரை எப்படி வளைக்கின்றன என்று பிரித்துப் பார்க்க, பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயன்படும் பாடங்களை அது தயாரித்தது. அமெரிக்கா போரில் இறங்கிய கட்டத்தில் அது மூடப்பட்டது. அதற்கு முன்பே பலருக்கு அது பிடிக்கவில்லை என்று ஹக்ஸ்லி குறிப்பிடுகிறார். இளைஞர்கள் எதையும் நம்பாதவர்களாகிவிடுவார்கள் என்று சில கல்வியாளர்கள் அஞ்சினார்கள். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் பயிற்சி அதிகாரியின் பேச்சையே பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்று ராணுவத்தினர் கவலைப்பட்டார்கள். மதகுருமார்களும் விளம்பரக்காரர்களும்கூட, தங்கள் பிழைப்புக்கும் நம்பிக்கைக்கும் ஆபத்து என்று எதிர்த்தார்கள்.